அரிமானத் தணிப்பியா, துருத்தடுப்பியா?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

பாலிடெக்னிக் கட்டடவியல் மாணவர்களுக்கான பாடக்குறிப்பு வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கான்கிரீட்டுக்குள் உள்ள கம்பி துருப்பிடிக்காமலிருக்க இலை, பட்டை ஆகியவற்றின் சாற்றைக் கலவையில் சேர்க்கும் முறையைப் பற்றிய பாடத்தில், ஆங்கிலத்தில் 'corrosion inhibitor' எனப்படும் அப்பொருளின் தமிழ்ப் பெயர் மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

கோவை ஐயா முன்மொழிந்த 'தடுப்பான்' என்பதை நான் ஏற்காததற்குக் காரணம் இலக்கணம் அன்று, வேதியியல். நல்ல கான்கிரீட்டின் நுண்துளைகளில் உள்ள நீரின் பிஎச் மதிப்பு 12.5-க்கு மேல், அதாவது மிகுந்த காரத்தன்மையுடன், இருப்பதால், கம்பியின்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் தானே உருவாகி அதைக் காக்கிறது. கடற்காற்றாலோ உப்புநீராலோ குளோரைடு உள்ளிறங்கினால் அப்படலம் ஆங்காங்கே உடைந்து கம்பியில் குழிவிழத் தொடங்கும். துரு இரும்பைவிடப் பெரிய இடத்தை அடைத்துக்கொள்வதால், மேலே உள்ள கான்கிரீட் வெடித்துப் பெயர்ந்துவிடும். வேம்பு, மருதாணி போன்றவற்றின் சாற்றிலுள்ள மூலக்கூறுகள் தம் ஆக்சிஜன், நைட்ரஜன் அணுக்களின் வழியாக இரும்பில் ஒட்டிக்கொண்டு அவ்வினையின் வேகத்தைக் குறைக்கின்றனவே தவிர, அறவே நிறுத்துவதில்லை. ஆகவே 'தணிப்பி' என்கிறேன். கம்பிக்குப் பூசும் எப்பாக்சி என்ற பிசின் பூச்சுதான் தடுப்பு. இரண்டுக்கும் ஒரே பெயரிட்டால், சாறு சேர்த்தாயிற்று, இனிக் கவர் பிளாக் (கம்பியைச் சுற்றிக் கான்கிரீட்டுக்கு இடைவெளி விடும் சிறு கட்டை) வைக்காமலே கம்பி கட்டலாம் என்று மாணவர் எண்ணிவிடுவார்.

Corrosion என்பதற்கு வழங்கும் 'அரிப்பு' கடலுக்கும் மண்ணுக்கும் தோலுக்கும் பொதுவாகிவிட்டது. செரிமானம், கட்டுமானம் என்ற வரிசையில் 'அரிமானம்' இயல்பாகவே பொருந்துகிறது. 'தேய்மானம்' வேண்டும் என்போர் குறளின் 'அரம்பொருத பொன்போலத் தேயும்' என்ற அடியைக் காட்டினார்கள். அங்கே பொன் என்பது இரும்பே என்ற உரையை நானும் ஒப்புகிறேன். ஆனால் அரம் தேய்ப்பது உராய்வு, வேதிவினை அன்று. 'தாவர அரிமானத் தணிப்பி' என்ற முழுப்பெயரிலுள்ள 'தாவர' என்பது வடசொல் என்பதால் 'நிலைத்திணை' என்று எழுதச் சொல்வது தூய்மைக்கு நல்லதுதான். எனினும் அச்சொல்லைக் கண்ட மாணவருக்கு அகத்திணைதான் நினைவுக்கு வரும்.

கடுக்காய் பற்றி ஒரு சொல். சுண்ணச்சாந்தில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்த நம் கொத்தனார்களின் அறிவு பெரிது. ஆனால் அச்சாந்தில் காக்க வேண்டிய கம்பி ஏதுமில்லை. கடுக்காயில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுதி என்பதால் அது ஆராயத் தக்கது. வெல்லமோ சிமெண்ட் இறுகுவதையே தாமதப்படுத்திவிடும். தாவரச் சாற்றிலுள்ள சர்க்கரையாலும் இதே சிக்கல் எழுவதால், பாடத்தில் இதற்குத் தனிப்பத்தி ஒதுக்கியிருக்கிறேன்.

*

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மறுப்பு.

ஆசிரியை அவர்களின் வேதியியல் பாதி வழியில் நிற்கிறது. இதே நோக்கத்துக்காகக் கலவையில் சேர்க்கும் வேதிப்பொருளான கால்சியம் நைட்ரைட்டைப் போதிய அளவில் சேர்த்தால், படலம் உடைவதற்குத் தேவையான குளோரைட்டின் அளவே உயர்கிறது. அதாவது அரிமானம் தொடங்குவதையே அது தள்ளிப்போடுகிறது. தொடங்காத ஒன்றை எவ்வாறு தணிப்பது? மேலும், துருவை நாங்கள் 'கறள்' என்போம். 'கறள் கட்டின கம்பி' என்றால் இங்குள்ள எந்த மேசனுக்கும் விளங்கும். 'அரிமானத் தணிப்பி' என்றால் யாருக்கு விளங்கும்? 'கறள் தடுப்பி' அல்லது 'துருத்தடுப்பி' என்பதே கொங்கிறீற்று வேலைத்தளத்தில் நிற்கும்.

*

நைட்ரைட் பற்றி நண்பர் கூறியது சரி. ஆயினும் இப்பாடம் தாவரச் சாறுகளைப் பற்றியது. அவற்றுக்கு வேகக் குறைப்பையே முதன்மையாகச் சொல்ல முடிகிறது. இதுவரை மறுமொழி எழுதியோரில் பெரும்பாலோர் 'தணிப்பி'க்கு இசைந்திருப்பதால், 'தாவர அரிமானத் தணிப்பி' என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். முதல் முறை வரும் இடத்தில் 'துருத்தடுப்பி என்றும் கூறுவர்' என்ற தொடரும், அருஞ்சொல் பட்டியலில் 'கறள்' என்ற சொல்லும் இடம்பெறும்.

*

அச்சுக்குப் போகட்டும், தடையில்லை. ஆனால் நைட்ரைட் பாடம் எழுதப்படும்போது 'தடுப்பி'யை மீண்டும் எடுத்து விவாதிக்க வேண்டும் என்ற என் கோரிக்கை நிலுவையில் இருக்கட்டும்.