எஸ்சிஓ உண்மையில் எதனால் கவிழ்ந்தது?

வேலன்_லினக்ஸ்

இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளமான லினக்ஸின் வரலாறு படித்துக்கொண்டிருக்கிறேன். யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் நிரல்களை லினக்ஸுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது என்று 2003 மார்ச்சில் ஐபிஎம் மீது எஸ்சிஓ (SCO) குரூப் என்ற மென்பொருள் கம்பெனி 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது, அப்புறம் தொகையை 500 கோடி வரை ஏற்றியது. ஒன்றிரண்டு டாலரில் கிடந்த பங்கு அந்த வருஷமே 20 டாலரைத் தாண்டியிருக்கிறது. 2007 செப்டம்பரில் பார்த்தால் திவால் மனு. வழக்கால் கம்பெனி விழுந்ததா, இல்லை விழுந்துகொண்டிருந்ததால்தான் வழக்குப் போட்டார்களா? அப்போதே கவனித்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_டெர்மினல்

இரண்டாவதுதான். இந்தக் கம்பெனியின் பழைய பெயர் கால்டெரா, லினக்ஸ் விற்பதற்கென்றே தொடங்கப்பட்டது. 2001இல் சாண்டா குரூஸ் ஆபரேஷன் (முதலில் எஸ்சிஓ என்ற பெயர் இதற்குத்தான்) என்ற கம்பெனியின் யூனிக்ஸ் வியாபாரத்தை வாங்கி, அடுத்த வருஷம் எஸ்சிஓ என்று பெயரை மாற்றிக்கொண்டது. எஸ்சிஓ யூனிக்ஸ் நல்ல சரக்கு, அதை மறுக்க மாட்டேன். தொண்ணூறுகளில் நம் நாட்டு வங்கிக் கிளைகள் பலவற்றில் அதுதான் ஓடியது, சாதாரண பிசி ஒன்றை வைத்துக்கொண்டு கவுண்டர் டெர்மினல்கள் எல்லாவற்றையும் இழுத்துவிடும். ஆனால் அதே வேலையை லினக்ஸ் காசில்லாமல் செய்ய ஆரம்பித்ததும் விற்பனை படுத்துவிட்டது.

2002இல் டார்ல் மெக்பிரைட் தலைமைக்கு வந்தார். சரக்கை மேம்படுத்துவதைவிட உரிமையைக் காட்டி வசூலிப்பது சுலபம் என்று முடிவெடுத்தார்கள். லினக்ஸ் சர்வரில் பிராசஸர் ஒன்றுக்கு 699 டாலர் லைசென்ஸ், 1500 பெரிய கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம். 2004இல் வாகன உதிரிபாகக் கடைகள் நடத்தும் ஆட்டோசோன் மீதும் வழக்கு. இவர்களுடைய யூனிக்ஸான ஓபன்சர்வரில் கடைகளை ஓட்டிவிட்டு லினக்ஸுக்கு மாறிய வாடிக்கையாளர் அது. வாடிக்கையாளரையே கோர்ட்டுக்கு இழுக்கும் கம்பெனியிடம் அடுத்த ஆர்டரை யார் கொடுப்பார்கள்?

ஜிபிஎல்_கலை

வியாபாரம் படுத்தது சரி அண்ணா, ஆனால் கம்பெனியை முடித்தது ஒப்பந்தத்தின் ஒரு வரி. 1995இல் நோவெல் என்ற மென்பொருள் கம்பெனி தன் யூனிக்ஸ் தொழிலை சாண்டா குரூஸுக்கு விற்றபோது, விற்பனையில் சேராதவற்றின் பட்டியலில் 'எல்லாப் பதிப்புரிமைகளும்' என்று எழுதி வைத்திருந்தது. பழைய யூனிக்ஸ் லைசென்ஸ்களின் ராயல்டியிலும் 95 சதவீதம் நோவெலுக்கே, வசூலித்துக் கொடுப்பவருக்கு 5. அதாவது வாடகை வசூலிப்பவர் தன்னை வீட்டுக்காரர் என்று சொல்லி வழக்குப் போட்ட கதை. வாங்கியவருக்குத் தேவையான பதிப்புரிமைகள் மட்டும் அந்த விலக்கில் சேராது என்று 1996இல் ஒரு திருத்தம் சேர்த்தார்கள், எஸ்சிஓ கடைசிவரை அதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கியது.

பதிப்புரிமையை விற்கவே இல்லை என்று நோவெல் 2003 மே மாதமே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அப்போதே நின்றிருக்கலாம், மாறாக நோவெல் மீதும் வழக்குப் போட்டார்கள். 2007 ஆகஸ்ட் 10 அன்று நீதிபதி டேல் கிம்பல் உரிமை நோவெலுக்கே என்று தீர்ப்பளித்தார், அடுத்த வர்த்தக நாளில் பங்கு 70 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. மேல்முறையீட்டில் ஜூரி விசாரணைக்கு அனுப்பினார்கள், 2010 மார்ச்சில் ஜூரியும் அதையேதான் சொன்னது.

நிரல்_தேடி

எனக்கு இன்னும் ஆறாதது ஆதாரம் காட்டிய விதம்தான். 2003 ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் மாநாட்டில், திருடப்பட்ட நிரல் என்று சில வரிகளைத் திரையில் காட்டினார்கள். ஒரு பகுதியை யாரும் படிக்கக்கூடாது என்று கிரேக்க எழுத்துருவுக்கு மாற்றியிருந்தார்கள். படம் வெளியே வந்ததும் ஆட்கள் அதைத் திருப்பிப் படித்து மூலத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒன்று நினைவக ஒதுக்கீட்டு நிரல், பழங்கால யூனிக்ஸிலேயே இருந்தது. அந்தப் பழைய பதிப்புகளை 2002இல் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற பிஎஸ்டி பாணி உரிமத்தில் திறந்துவிட்டதே கால்டெராதான்! இன்னொன்று வலையில் வரும் தகவல் பொட்டலங்களை வடிகட்டும் பாக்கெட் ஃபில்டர், அதன் பிறப்பிடம் பெர்க்லி ஆய்வுக்கூடம், இவர்களுடையது அல்ல.

கோர்ட்டில் எந்தக் கோப்பு, எந்த வரி என்று கேட்டபோதும் இதே கதை. சுமார் 300 குற்றச்சாட்டு கொடுத்தார்கள், தெளிவில்லை என்று பாதிக்கு மேல் 2006இல் தள்ளிவிட்டார்கள். ராத்திரி கண்விழித்துச் சொந்தமாக எழுதிய ஆயிரக்கணக்கானவர்களைத் திருடர்கள் என்று சொல்லிவிட்டு வரியைக் காட்ட முடியவில்லை என்றால் அது பெரிய அநியாயம். பமேலா ஜோன்ஸின் குரோக்லா தளத்தில் ஒவ்வொரு கோர்ட் ஆவணத்தையும் தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்து ஏற்றினார்கள். அந்த உழைப்பை யாரும் மறக்கக்கூடாது.

வேலன்_லினக்ஸ்

நன்றி. நடுவில் வந்த பணமெல்லாம் எங்கே போனது? ஐபிஎம் வழக்கு எப்படி முடிந்தது?

ஜிபிஎல்_கலை

2003இல் பேஸ்டார் என்ற முதலீட்டு நிறுவனத்தின் தரப்பிலிருந்து 5 கோடி டாலர் முதலீடு வந்தது, மைக்ரோசாஃப்ட்டும் சன் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியும் லைசென்ஸ் வாங்கின. 2004இல் வக்கீல் கட்டணத்துக்கு மட்டும் 3.1 கோடி என்று பேசி முடித்தார்கள். சன் கொடுத்த பணத்தில் நோவெலின் பங்கை எடுத்து வைக்காததால் 2008இல் சுமார் 25 லட்சம் டாலர் கட்டச் சொன்னது கோர்ட். யூனிக்ஸ் வியாபாரம் 2011இல் வெறும் 6 லட்சம் டாலருக்குக் கைமாறியது. ஐபிஎம் வழக்கு 2021 வரை இழுத்து, 1.425 கோடி டாலரில் சமரசமானது. அதுவும் திவால் நிர்வாகியின் கைக்குத்தான் போனது.