சினை முயல், 24ஆம் நாள்: குட்டி போடும் பெட்டி, படுக்கை, முதல் சில நாள் கவனிப்பு

மாடிக்கூண்டு (கேள்வி):

இணை சேர்ந்து இன்றோடு 24 நாள். 12ஆம் நாள் கால்நடை மருத்துவர் வயிற்றைத் தடவிப் பார்த்து சினை என்று உறுதி சொன்னார். நியூசிலாந்து வெள்ளைக் கலப்பு, 3 கிலோ, முதல் ஈத்து. கூண்டு 3 அடிக்கு 2 அடி, தரை கம்பி வலை. இடம் சென்னை, மேற்கு பார்த்த பால்கனி. மதியம் 2 மணிக்கு மேல் வெயில் நேராக விழும். ஆண் முயலும் அதே கூண்டில்தான் இருக்கிறது. பெட்டி என்ன அளவில் இருக்க வேண்டும், எந்த நாளில் வைக்க வேண்டும்? படுக்கைக்குத் தேங்காய் நார் மட்டும் போதுமா? குட்டியைத் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையா?

பலகைப்பெட்டி:

முதல் வேலை, ஆணை இன்றைக்கே வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். பெட்டை முயல் குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே மறுபடி இணை சேரும், சினையும் பிடிக்கும். பாலும் கொடுத்துக்கொண்டு வயிற்றிலும் சுமந்தால் உடம்பு தாங்காது. ஆணுக்கு இப்போது விதைநீக்கம் செய்தாலும் நாலிலிருந்து ஆறு வாரம் வரை சினை பிடிக்க வைக்க முடியும், அதனால் அதை நம்பிச் சேர்த்து விடாதீர்கள்.

பெட்டி 3 கிலோ முயலுக்கு 18 அங்குல நீளம், 10 முதல் 12 அங்குல அகலம், 10 அங்குல உயரம். முன்பக்கப் பலகையை மட்டும் 6 அங்குலத்தில் வெட்டுங்கள். தாய் தாண்டி உள்ளே போகலாம், குட்டி உருண்டு வெளியே விழாது. உள்ளே திரும்பிப் படுக்க இடம் இருந்தால் போதும். பெரிதாகச் செய்தால் அதையே கழிப்பிடமாக்கிவிடும். அடிப்பலகையில் சிறுநீர் வடிய ஆறேழு துளை போடுங்கள். பெயின்ட், வார்னிஷ் எதுவும் வேண்டாம், கட்டாயம் கடிக்கும். அட்டைப்பெட்டி அவசரத்துக்கு ஒரு நாள் ஓடும், அதற்கு மேல் ஈரத்தில் ஊறி உட்கார்ந்துவிடும்.

வைக்க வேண்டிய நாள் 28. அதற்கு முன்பே வைத்தால் அசுத்தம் செய்துவிடும், பிந்தினால் கம்பி வலையிலேயே போட்டுவிடும். வழக்கமாகக் கழிக்கும் மூலைக்கு எதிர் மூலையில் வையுங்கள்.

படுக்கைக்கு அடியில் 2 அங்குலம் மரச்சீவல். தச்சுப்பட்டறையில் வெறும் மரத்தில் இழைத்த சீவலாகக் கேட்டு வாங்குங்கள். பிளைவுட் சீவலில் பசை இருக்கும். மரத்தூள் குட்டியின் மூக்கை அடைக்கும். அதற்கு மேல் வெயிலில் காய்ந்த, பூஞ்சை வாசனை இல்லாத வைக்கோலை நிரப்பி, பின்பக்கமாகக் கையால் அழுத்தி ஒரு குழி செய்துவிடுங்கள். தேங்காய் நார் சேர்க்கலாம், ஆனால் நீள நாராக வேண்டாம். குட்டி நெளியும்போது காலிலோ கழுத்திலோ சுற்றி இறுக்கும். 3 அங்குலத் துண்டுகளாக வெட்டி உதறிப் போடுங்கள். பஞ்சு, பழைய புடவைத் துணி இரண்டும் இதே காரணத்துக்காகக் கூடாது.

முதல் ஈத்தில் பெட்டிக்கு வெளியே போடுவது நிறையவே நடக்கும். பூனை, நாய் மாதிரி முயல் குட்டியைக் கவ்வித் தூக்கி வராது. வெளியே விழுந்தது அங்கேயே குளிர்ந்து கிடக்கும். 29ஆம் நாள் முதல் கம்பித் தரையின் மேல் சாக்கு விரித்து, கூண்டின் சுற்றுப்பக்கம் அடியிலிருந்து 4 அங்குல உயரத்துக்கு அட்டை கட்டிவிடுங்கள்.

வேலிமசால்:

பெட்டி பற்றி மேலே சொன்னது சரி. நான் குட்டி போடும் நேரத்தையும் அதற்குப் பிறகையும் சொல்கிறேன்.

பெரும்பாலும் 30 முதல் 32 நாளுக்குள், இரவிலோ விடியற்காலையிலோ போடும். அதற்கு முந்தின நாளே தீனி குறையும், வாயில் வைக்கோலைக் கவ்விக்கொண்டு அலையும், வயிற்று முடியையும் தாடை அடி முடியையும் பிடுங்கிப் பெட்டியில் போடும். (16, 17ஆம் நாளிலேயே முடி பிடுங்கினால் அது பொய்ச்சினை, அதாவது சினை இல்லாமலே சினைபோல் நடந்துகொள்வது. உங்களுக்கு மருத்துவர் பார்த்துச் சொல்லிவிட்டதால் கவலை இல்லை.) பிரசவம் அரை மணியில் முடிந்துவிடும். எட்டிப் பார்க்கவோ விளக்குப் போடவோ வேண்டாம். மிரண்டால் குட்டி மேலேயே குதிக்கும். தண்ணீர் மட்டும் இரண்டு கிண்ணத்தில் நிறைய இருக்கட்டும். தாகத்தில் தவித்த தாய் குட்டியைத் தின்றுவிடும்.

தொட்டால் ஒதுக்கும் என்பது சரியல்ல. தாய்க்கு ஒரு கைப்பிடி பசுந்தீனி கொடுத்துவிட்டுப் பெட்டியை வெளியே எடுங்கள். கையில் வாசனை சோப்பு, சென்ட் இருக்கக் கூடாது. தாயின் முதுகைத் தடவிய கையாலேயே குட்டிகளை எண்ணுங்கள். செத்தது, நஞ்சுக்கொடித் துண்டு, நனைந்த வைக்கோல் மூன்றையும் அகற்றுங்கள். சில்லிட்டு அசையாமல் கிடக்கும் குட்டியைச் செத்ததென்று எறிந்துவிடாதீர்கள். தலை மட்டும் வெளியே இருக்கும்படி, முழங்கைக்கு இதமான வெந்நீரில் சில நிமிடம் பிடித்து, நன்றாகத் துடைத்து, உள்ளங்கைச் சூட்டில் வையுங்கள். அசையத் தொடங்கியதும் மற்ற குட்டிகளுக்கு நடுவே சேருங்கள்.

தாய் பெட்டிக்குள் போகவே இல்லை என்று பலர் பயப்படுகிறார்கள். முயல் நாளுக்கு ஒரு தடவை, சில சமயம் இரண்டு தடவை, மூன்று நாலு நிமிடம்தான் பால் கொடுக்கும், அதுவும் நாம் தூங்கும் நேரத்தில். காலையில் குட்டியைத் திருப்பிப் பாருங்கள். குடித்த குட்டியின் வயிறு உருண்டு, மெல்லிய தோலுக்கு அடியில் பால் வெள்ளையாகத் தெரியும். குடிக்காததன் தோல் சுருங்கி, வயிறு ஒட்டியிருக்கும். முதல் காலை ஒட்டியிருந்தால் பொறுக்கலாம். இரண்டாம் காலையும் அப்படியே என்றால் தாயைப் பெட்டிக்குள் வைத்து, முதுகில் கை வைத்து அசையாமல் பிடித்து, குட்டிகளைக் காம்பில் விடுங்கள். பசும்பால் ஊற்றாதீர்கள். அதன் சத்து முயல் பாலின் பக்கத்தில்கூட வராது. பீச்சாங்குழலில் கொடுக்கும்போது நுரையீரலுக்குள் போய்ச் சாவதும் அதிகம்.

இன்னொன்று, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பதுபோலக் கருப்பட்டி, பேரீச்சம்பழம் என்று தாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். சர்க்கரை அதன் குடலைக் கெடுக்கும். காய்ந்த புல், வேலிமசால் என்ற தீவனத் தழை, கொஞ்சம் முருங்கைக்கீரை போதும். குச்சித்தீவனத்தை (கடையில் விற்கும் பெல்லட்) ஒரே நாளில் ஏற்றாமல் ஒரு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

மாடிக்கூண்டு:

நன்றி. 32 நாள் தாண்டியும் போடவில்லை என்றால்? அப்புறம் இந்த வெயிலை என்ன செய்வது?

பலகைப்பெட்டி:

ஓரிரு குட்டி மட்டும் இருந்தால் நாள் தள்ளும், குட்டியும் பெரிதாகும். 33ஆம் நாள் காலையில் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். அரை மணிக்கு மேல் முக்கியும் வராவிட்டாலோ, குட்டி பாதியில் நின்றாலோ நாள் கணக்குப் பார்க்காமல் உடனே போக வேண்டும். ஊசி மருந்து அவர் கையால்தான். உள்ளே குட்டி குறுக்கே இருக்கும்போது கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ஊசி போட்டால் கருப்பை கிழியும். கடைசி வாரத்தில் ஒரு நாள் முழுக்கத் தீனி தொடாவிட்டாலும் அவசரம்தான்.

கூண்டை அந்தப் பால்கனியிலிருந்து இப்போதே உள்ளே எடுங்கள். குட்டி போட்ட பிறகு இடம் மாற்றினால் தாய் கலங்கும். குட்டிகளைப் பார்த்தே சூடு தெரிந்துகொள்ளலாம்: ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கிடந்தால் முடி போதவில்லை, சிவந்து தனித்தனியே விலகிக் கிடந்தால் புழுக்கம், மேல் முடியில் பாதியை எடுத்து ஒரு காகிதப் பையில் வைத்திருந்து குளிர்ந்ததும் திரும்பப் போடுங்கள்.

வேலிமசால்:

எறும்பை விட்டுவிட்டோமே. பால் வாசனைக்கு ஒரே இரவில் ஏறி மொத்த ஈத்தையும் முடித்துவிடும். கூண்டுக் கால் நாலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, மேலே இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள்; கூண்டு சுவரைத் தொடக் கூடாது. எறும்பைக் கொல்லும் மருந்து சாக்பீஸ் பக்கத்தில் வேண்டாம்.

தாயின் மடி சூடாக, கல் போல, நீலம் பாரித்துத் தெரிந்தால் மடிவீக்கம், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டிலிருக்கும் அமாக்ஸிசிலின் மாத்திரையை வாய்வழியாகக் கொடுத்தால் குடல் கெட்டு முயலே செத்துவிடும். அந்தக் குட்டிகளை வேறு தாயிடமும் விடாதீர்கள், நோய் அதற்கும் தொற்றும்.

கண் 10 முதல் 12 நாளில் திறக்கும். 12ஆம் நாளும் ஒட்டியிருந்தால், ஆறிய வெந்நீரில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்துவிடுங்கள். பெட்டியை மூன்று வாரத்தில் எடுத்துவிடலாம்.