பால் இல்லாமல் தயிர்சாதம்?

கேள்வி: பாலை நிறுத்தி 2 மாதமாகிறது. நெய்க்குப் பதில் நல்லெண்ணெய், பழகிவிட்டது. ஆனால் ராத்திரி கடைசிப் பிடி தயிர்சாதம் இல்லாமல் சாப்பிட்ட மாதிரியே இல்லை. தேங்காய்ப்பாலில் உறை ஊற்றினேன், தண்ணீர் தனியாகப் பிரிந்துவிட்டது.

பதில்: வேர்க்கடலைக்கு மாறுங்கள். ஒரு டம்ளர் பச்சைக் கடலையை 8 மணி நேரம் ஊறவைத்து, தோல் நீக்கி, 3 டம்ளர் தண்ணீரில் அரைத்து வடிகட்டுங்கள். அடிபிடிக்காமல் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டில் நாலைந்து பச்சைமிளகாயைக் காம்போடு போட்டு மூடிவையுங்கள். முதல் தடவை நீர்த்துதான் இருக்கும். அதையே உறையாக்கினால் அடுத்தது கெட்டிப்படும். இஞ்சி, பெருங்காயம் தாளித்துக் கொட்டினேன், என் மாமியாரே கண்டுபிடிக்கவில்லை!

இன்னொருவர்: பாலை நிறுத்தினால் வைட்டமின் பி12 குறையலாம், அது கீரையில் கிடைக்காது. டாக்டரிடம் கேட்டு மாத்திரை எடுங்கள்.

கேட்டவர்: சரி, கடலை ஊறுகிறது. ரொம்பப் புளித்தால் மோர்க்குழம்பு.