குறைமாதக் குழந்தை எட்டு மாதமாகியும் உட்காரவில்லை: காத்திருக்கலாமா?

கேள்வி (குடியாத்தம்)

எங்கள் மகன் 32-ஆவது வாரத்திலேயே, மருத்துவர் குறித்துக் கொடுத்த தேதிக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்தான். இப்போது எட்டு மாதம் முடிந்துவிட்டது. கழுத்து நின்றுவிட்டது, இரு பக்கமும் புரள்கிறான், குரல் கேட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். ஆனால் தலையணை அணைகொடுக்காமல் உட்கார முடியவில்லை. அதே மாதத்தில் பிறந்த என் நாத்தனார் மகள் தவழத் தொடங்கிவிட்டதால், வீட்டிற்கு வருகிறவர்கள் எல்லாரும் இதையே கேட்கிறார்கள். சக்கரம் வைத்த வாக்கரில் உட்கார வைத்தால் கால் பலப்படும் என்று அத்தை சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில் 1 (காட்பாடி)

சகோதரி, என் மகளும் குறைமாதத்தில் பிறந்தவள்தான். இத்தகைய குழந்தைகளுக்கு இரண்டு வயது வரை, பிறந்த நாளிலிருந்து அல்லாமல், பிறக்க வேண்டிய தேதியிலிருந்தே வயதைக் கணக்கிட வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் மகனுக்கு ஆறு மாதம்தான் ஆகிறது. நாத்தனார் மகளோடு ஒப்பிடுவது அவனுக்குச் செய்யும் அநீதி. தடுப்பூசியை மட்டும் பிறந்த தேதிப்படியே போட வேண்டும்.

பதில் 2 (ஆரணி, ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்)

மேலே சொன்னது சரி. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் நலமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட கணக்கின்படி, பிடிமானமின்றி உட்காருவது 3.8 முதல் 9.2 மாதத்திற்குள்ளும், தனியாக நடப்பது 8.2 முதல் 17.6 மாதத்திற்குள்ளும் எப்போது வேண்டுமானாலும் நிகழலாம். அவர்களில் 4.3 சதவீதத்தினர் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை.

வாக்கர் மட்டும் வேண்டாம், அம்மா. அது நடையைச் சீக்கிரம் வரவழைப்பதில்லை. படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபடும் ஆபத்துதான் மிகுதி. கனடாவில் 2004 முதல் அதன் விற்பனையே தடைசெய்யப்பட்டிருக்கிறது. குழந்தை நின்றபடி தள்ளிச் செல்லும் நம்மூர் மர நடைவண்டி வேறு; அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. இப்போதைக்குத் தரையில் பாய் விரித்து, விழித்திருக்கும் நேரத்தில் உங்கள் கண்பார்வையில் அவனைக் குப்புறக் கிடத்தி, கைக்கு எட்டியும் எட்டாத தூரத்தில் ஒரு கரண்டியை வையுங்கள். அதை எட்டி எடுக்க அவன் முயலும்போதுதான் முதுகும் தோளும் உறுதிப்படும்.

பதில் 3 (வேலூர்)

நீங்கள் இருவரும் சொல்வதை ஏற்கிறேன். ஆயினும் "பொறுத்திருங்கள்" என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. உடல் விறைத்தோ துவண்டோ இருந்தால், ஒரு வயதிற்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால், ஓசைக்குத் திரும்பாவிட்டால், அல்லது முன்பு செய்துகொண்டிருந்ததைச் செய்யாமல் விட்டுவிட்டால், எந்தக் கணக்கையும் பார்க்காமல் உடனே காட்ட வேண்டும். குறைமாதக் குழந்தைக்குக் கண், செவிப் பரிசோதனைகளும் கட்டாயம் முடிந்திருக்க வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவமனையில் குழந்தை வளர்ச்சிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலும் குழந்தை மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று கரண்டியை வைத்துப் பார்த்தேன். வலது கையால் இழுத்து, வாயில் வைத்து, பிறகு இடது கைக்கு மாற்றிக்கொண்டான். இரு கைகளும் ஒன்றுபோலவே இயங்குகின்றன. கண் பரிசோதனை முடிந்துவிட்டது, ஆனால் செவிப் பரிசோதனைச் சீட்டு எங்கள் கோப்பில் இல்லை. அதற்காக இந்த வாரமே வேலூருக்கு அழைத்துச் சென்று, உட்காருவதைப் பற்றியும் கேட்டுவிடுகிறோம். வாக்கர் வேண்டாம் என்பதை அத்தையும் ஒப்புக்கொண்டார்.