பாட்டு விளக்க வீடியோவுக்கு காப்பிரைட் கிளெய்ம்: எத்தனை நொடி வரை போடலாம்?

மெட்டுப்பித்தன் கேட்டது:

வணக்கம். பழைய தமிழ் சினிமாப் பாடல்களை எடுத்துக்கொண்டு, மெட்டு எங்கே திரும்புகிறது, இடையிசையில் என்ன நடக்கிறது என்றெல்லாம் பேசுகிற சின்ன சேனல் ஒன்று வைத்திருக்கிறேன். இப்போது போட்ட வீடியோ எண்பதுகளில் வந்த ஒரு பாட்டின் இரண்டாவது இடையிசையைப் பற்றியது. வயலின்கள் எல்லாம் மேலே ஏறிக்கொண்டு போகும்போது அடியில் ஒரு புல்லாங்குழல் எதிர்த்திசையில் இறங்கி வரும், அந்தப் பாட்டை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள்கூட அதைத் தனியாகக் கவனித்திருக்க மாட்டார்கள். முதலில் அந்த இடையிசையை முழுசாக ஒரு முறை ஓட விட்டேன், அப்புறம் நிறுத்தி நிறுத்தி விளக்கினேன். முடிவில் சப்ஸ்கிரைப் செய்யச் சொல்லும் இடத்தில் பின்னணியில் பல்லவி மெல்ல ஓடும்.

போட்ட கொஞ்ச நேரத்திலேயே ஓர் இசை நிறுவனத்தின் பெயரில் கிளெய்ம் (இந்தப் பாட்டு எங்களுடையது என்கிற உரிமைக் கோரல்) வந்துவிட்டது. வீடியோ ஓடுகிறது, விளம்பரக் காசு மட்டும் அவர்களுக்குப் போகிறது. எல்லாரும் போடுகிற அந்த 'செக்‌ஷன் 107, ஃபேர் யூஸ்' (அனுமதி கேட்காமலே நியாயமான அளவு பயன்படுத்தலாம் என்கிற) குறிப்பை டிஸ்கிரிப்ஷனில் நானும் போட்டிருக்கிறேன். ஒரு நண்பர் பத்து நொடிக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை என்கிறார், இன்னொருவர் ஏழு என்கிறார், மூன்றாமவர் பாட்டை அரை சுருதி ஏற்றிவிடு, கண்டுபிடிக்க முடியாது என்கிறார். எது சரி? கிளெய்மை மறுக்கிற டிஸ்ப்யூட் பட்டனை அழுத்தலாமா, அழுத்தினால் சேனலுக்கு ஆபத்தா?

எடிட்டிங் டேபிள்:

பயப்படாதீர்கள் ப்ரோ, கிளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. யூடியூபில் 2007 முதல் கன்டென்ட் ஐடி என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. உரிமைக்காரர்கள் தங்கள் பாட்டைக் கொடுத்து வைத்திருப்பார்கள், நீங்கள் ஏற்றுகிற ஒவ்வொரு வீடியோவையும் இயந்திரம் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும், ஒத்துப்போனால் கிளெய்ம். இதனால் சேனலுக்குக் கெட்ட பெயர் எதுவும் இல்லை. ஸ்ட்ரைக் என்பது, நீக்கச் சொல்லி முறைப்படி கோரிக்கை வந்து வீடியோவைத் தூக்கினால் வருவது. 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும்.

டிஸ்ப்யூட் போட்டால் அவர்களுக்கு 30 நாள் அவகாசம். பதில் சொல்லாமல் விட்டால் கிளெய்ம் தானாக விழுந்துவிடும். நிராகரித்தால் நீங்கள் அப்பீல் போகலாம், அதற்கு அவர்கள் 7 நாளுக்குள் பதில் தர வேண்டும். அப்பீல் பிடிக்காவிட்டால் நீக்கச் சொல்லிக் கேட்பார்கள், அங்கேதான் ஸ்ட்ரைக் வரும். அதற்கும் எதிர் அறிவிப்பு கொடுக்க வழி உண்டு, ஆனால் அந்தப் படிவத்தில் உங்கள் பெயர், முகவரி எல்லாம் எதிர்த்தரப்புக்குப் போகும், அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு வரியும் இருக்கும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

இன்னொன்று, கிளெய்ம் வந்த 5 நாளுக்குள் டிஸ்ப்யூட் போட்டால் வருகிற காசை முடிவு தெரியும் வரை தனியே எடுத்து வைப்பார்கள். சுருதி ஏற்றுகிற வேலை வேண்டாம். இடையிசையை விளக்குகிற வீடியோவில் சுருதியை மாற்றிவிட்டு எதை விளக்கப் போகிறீர்கள்?

முதலில் கிளெய்ம் விவரத்தைத் திறந்து பாருங்கள். எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை ஒத்துப்போகிறது என்று காட்டும். அதை இங்கே போடுங்கள்.

கறுப்பு கோட்:

வக்கீல் தொழில்தான், ஆனால் இதை ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பொதுவாகச் சொல்கிறேன்.

அந்த 107 என்பது அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இருக்கிற பிரிவு. தமிழ்நாட்டில் உட்கார்ந்து தமிழ்ப் பாட்டைப் பற்றித் தமிழில் பேசுகிற சேனல்களில் எல்லாம் அது எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்றால், ஒருவர் போட்டதைப் பார்த்து அடுத்தவர் போட்டதுதான் (காப்பிரைட் குறிப்பையே காப்பி அடிக்கிற ஊர் நம்முடையது). அமெரிக்காவிலேயேகூட அந்தக் குறிப்பைப் போட்டதற்காக யாருக்கும் விலக்கு கிடைக்காது. ஃபேர் யூஸ் என்பது கேஸ் வந்த பிறகு வைக்கிற வாதம். முன்கூட்டியே எழுதி ஒட்டிவைத்தால் அது அனுமதி ஆகிவிடாது.

நமக்கு 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. அங்கே பெயர் ஃபேர் டீலிங். அமெரிக்கர்கள் 'விமர்சனம், செய்தி, கற்பித்தல், ஆய்வு போன்றவை' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, எதற்காக எடுத்தாய், எடுத்தது எப்படிப்பட்ட படைப்பு, எவ்வளவு எடுத்தாய், மூலத்தின் சந்தை அடிபடுகிறதா என்று நான்கு கேள்வி கேட்கச் சொல்கிறார்கள். நம் சட்டம் பட்டியலாகப் போட்டுவிட்டது. சொந்த உபயோகமும் ஆராய்ச்சியும், விமர்சனமும் மதிப்புரையும், நடப்புச் செய்தி, இவை முக்கியமானவை. கற்பித்தல், நீதிமன்ற வேலை போன்றவற்றுக்குத் தனித்தனி உட்பிரிவுகள். பட்டியலில் இல்லாத காரணம் என்றால் எவ்வளவு நல்ல எண்ணமாக இருந்தாலும் உள்ளே வராது. உங்கள் வீடியோ விமர்சனம் என்ற வாசல் வழியாகத்தான் வர வேண்டும். அதிலும், 2012 திருத்தத்துக்கு முன் இந்த விலக்கு எழுத்து, நாடகம், இசை, ஓவியம் போன்றவற்றோடு நின்றிருந்தது, ஒலிப்பதிவும் திரைப்படமும் அதில் இல்லை. திருத்தம் வந்த பிறகுதான் கம்ப்யூட்டர் புரோகிராம் தவிர எந்தப் படைப்புக்கும் பொருந்தும் என்று ஆனது.

நொடிக் கணக்கு இரண்டு சட்டத்திலும் கிடையாது. ஏழும் இல்லை, பத்தும் இல்லை. 1996இல் கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், பழைய அரசியல் நாடகம் ஒன்றை மறுத்து எழுதிய எதிர் நாடகத்தை எடுத்துக்கொண்டது. மூல நாடகத்திலிருந்து கணிசமாகவே எடுத்திருந்தார்கள். ஆனாலும், சொல்ல வந்த விமர்சனத்தோடு ஒப்பிட்டால் எடுத்தது எவ்வளவு, எந்த நோக்கத்துக்கு எடுத்தார்கள், மூலத்துக்குப் போட்டியாக நிற்குமா என்று பார்த்துவிட்டு, விமர்சனம்தான், நடக்கட்டும் என்றது. 2012இல் டெல்லியில் வேறு மாதிரி ஒன்று. டிவி நிகழ்ச்சியில் ஒரு பாடகி தான் சினிமாவில் பாடிய பாட்டுகளிலிருந்து சில வரிகளைப் பாடிக் காட்டினார், பட நிறுவனம் வழக்குப் போட்டது. டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு ஃபேர் டீலிங்குக்குள்ளேயே அதிகம் போகாமல், இவ்வளவு அற்பமான விஷயத்தைச் சட்டம் கண்டுகொள்ளாது என்ற வழியில் டிவி தரப்புக்குச் சாதகமாகச் சொன்னது.

இனி உங்கள் வீடியோ. நிறுத்தி நிறுத்தி விளக்கிய பகுதியைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, அங்கே நீங்கள் பேசுவதற்கு அந்தத் துண்டு தேவைப்படுகிறது. முழுசாக ஓடவிட்ட பகுதி வாதத்துக்கு உரியது, கேட்பவர் காதில் முதலில் விழ வேண்டும் என்று சொல்லலாம், எதிர்த்தரப்பும் நிறையச் சொல்லும். கடைசியில் ஓடும் பல்லவிக்கு என்ன சொல்வீர்கள்? அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லையே, அது சும்மா அலங்காரம். அதற்கு லைசென்ஸ் வேண்டும், அவ்வளவுதான்.

மெட்டுப்பித்தன்:

விவரத்தைத் திறந்து பார்த்தேன். முழு இடையிசையும் கடைசிப் பல்லவியும் மட்டும்தான் காட்டுகிறது. நிறுத்தி நிறுத்திப் போட்டது பட்டியலிலேயே இல்லை. விளம்பரம் போடுவதால் இது வியாபாரம், அதனால் ஃபேர் டீலிங் கிடையாது என்று ஒருவர் சொன்னார், அது உண்மையா?

கறுப்பு கோட்:

இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994இலேயே, காசுக்காகச் செய்தது என்ற ஒரே காரணத்தால் ஃபேர் யூஸ் போய்விடாது என்று சொல்லிவிட்டது, அதுவும் ஒரு கேலிப் பாட்டு வழக்கில். நம் பிரிவிலும் விமர்சனம் இலவசமாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. பத்திரிகைகள் என்ன சும்மாவா மதிப்புரை போடுகின்றன? ஆனால் காசு வருகிறது என்றால் நீதிபதி கொஞ்சம் உற்றுப் பார்ப்பார்.

தாளக்கட்டு:

ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள் எல்லாரும். நான் பல வருடம் ரெக்கார்டிங்குக்கு வாசித்தவன். 'விளக்கம்' என்ற பெயரில் முழுப் பாட்டையும் ஓடவிட்டு, நடுவில் இரண்டு தடவை 'ஆஹா' என்று மட்டும் சொல்கிற சேனல்கள் எத்தனை இருக்கின்றன என்று தெரியுமா? அதைக் கேட்கிறவர் அப்புறம் எதற்குப் பாட்டைத் தேடிப் போகப் போகிறார்? நிறுவனம் கிளெய்ம் போடுவதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. தம்பி நன்றாகத்தான் செய்கிறார், நான் பார்த்தேன், அந்தப் புல்லாங்குழல் விஷயத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார். அதற்காக எல்லாரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

சாக்பீஸ்:

கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கை யாரும் சொல்லவில்லையே! ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் மூன்று பதிப்பகங்களும் சேர்ந்து 2012இல் டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் இருந்த ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை மேல் வழக்குப் போட்டன, பல புத்தகங்களிலிருந்து அத்தியாயங்களை எடுத்துப் பாடக்கட்டாகத் தைத்து விற்கிறார்கள் என்று. 2016 செப்டம்பரில் வழக்கு தள்ளுபடி. டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும், பாடம் நடத்தத் தேவையான அளவுக்கு எடுக்கலாம், இத்தனை பக்கம் என்று வரம்பு கட்ட முடியாது என்றது. 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டன. நண்பர் செய்வதும் பாடம்தானே, இதையே காட்டலாமே?

கறுப்பு கோட்:

சார், அது ஆசிரியரும் மாணவரும் கற்பித்தலின் போது நகல் எடுப்பதற்கான தனி உட்பிரிவு, 52(1)(ஐ). அங்கே நடந்த வாதம் முழுக்க ஒரு பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தைச் சுற்றித்தான். யூடியூபில் பார்க்கிறவர்கள் எல்லாரும் என் மாணவர்கள் என்றால் எந்த நீதிபதியும் சிரிப்பார். தேவை எவ்வளவோ அவ்வளவு என்ற அந்த அளவுகோல் மட்டும் நண்பருக்கு உதவும்.

பழைய கிராமபோன்:

குறுக்கே ஒரு கேள்வி. ஐம்பதுகளின் பாட்டுகளுக்கு உரிமை முடிந்துவிட்டதா? தாராளமாகப் போடலாமா? இளையராஜா வழக்கிலும் இதுதானே பிரச்சினை?

கறுப்பு கோட்:

பாதி முடிந்தது. ஒலிப்பதிவுக்கு வெளியான வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருடம், ஆக 1958இல் வந்த ரெக்கார்டு 2018 முடிவோடு தீர்ந்தது. ஆனால் மெட்டும் வரியும் தனிச் சொத்து, அவற்றுக்குப் படைத்தவர் ஆயுளோடு 60 வருடம். பட்டுக்கோட்டையார் 1959இல் போய்விட்டார், அவர் வரிகளுக்கான காலம் 2019ஓடு முடிந்தது. எம்.எஸ்.வி. 2015 வரை இருந்தார், அவர் போட்ட மெட்டுக்கு 2075 வரை. ஒரே பாட்டில் மூன்று கணக்கு. இளையராஜா வழக்கை இங்கே இழுக்காதீர்கள், அது உரிமை யாருடையது என்கிற சண்டை, வேறு பஞ்சாயத்து.

எடிட்டிங் டேபிள்:

சரி, மெட்டுப்பித்தனுக்கு வருவோம். பல்லவியோடு சேர்த்து டிஸ்ப்யூட் போடாதீர்கள், அந்த ஒன்றைக் காட்டியே நிராகரிப்பார்கள். யூடியூபிலேயே அந்த இடத்து இசையை மட்டும் ஊமையாக்குகிற வசதி இருக்கிறது, வீடியோவைத் திரும்ப ஏற்ற வேண்டியதில்லை. அதைச் செய்துவிட்டு மீதிக்கு மட்டும் டிஸ்ப்யூட். காரணம் எழுதும் பெட்டியில் 'ஃபேர் யூஸ்' என்று இரண்டு வார்த்தை போட்டுவிட்டு வராதீர்கள். முதலில் இயந்திரம் பார்த்தது, இனி பார்க்கப் போவது அந்த நிறுவனத்தில் ஒரு ஆள். அமெரிக்காவில் ஒரு தாய் தன் குழந்தை சமையலறையில் ஆடுவதை 29 நொடி எடுத்துப் போட்டார், பின்னணியில் ஓடிய பாட்டுக்காக உரிமைக்காரர் அதை நீக்கச் சொன்னார், அதை எதிர்த்து அந்தத் தாய் போட்ட வழக்கு 2007இல் தொடங்கியது. நீக்கச் சொல்வதற்கு முன் உரிமைக்காரர் ஃபேர் யூஸா என்று யோசித்தே ஆக வேண்டும் என்று 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்த யோசனைக்கு வேண்டிய சரக்கை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

இந்த மாதிரி எழுதுங்கள்: "இத்தனையாவது நிமிடம் முதல் இத்தனை வரை ஒலிப்பது இரண்டாவது இடையிசை. அடுத்து வரும் பகுதியில் இதன் வயலின், புல்லாங்குழல் அமைப்பை நொடி நொடியாக விமர்சித்துள்ளேன். மூலத்தைக் கேட்காமல் அந்த விமர்சனம் புரியாது. பாடலின் மற்ற பகுதிகள் பயன்படுத்தப்படவில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1)(ஏ)." ஆங்கிலத்திலும் போட்டுவிடுங்கள், படிக்கிறவர் எங்கே இருக்கிறாரோ. அந்தக் கடைசி 'பயன்படுத்தப்படவில்லை' வரி உண்மையாக இருக்க வேண்டும் என்றால் பல்லவியை முதலில் ஊமையாக்கி, அது முடிந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் பட்டனை அழுத்துங்கள், சில சமயம் அதற்கே சில மணி நேரம் எடுக்கும்.

மெட்டுப்பித்தன்:

ஊமையாக்கக் கொடுத்துவிட்டேன், 'பிராசஸிங்' என்று காட்டுகிறது. முழு இடையிசையையும் பாதியாக வெட்டலாமா என்று யோசித்தேன், ஆனால் புல்லாங்குழல் உள்ளே வருவதே பின்பாதியில்தான், முன்பாதி இல்லாமல் அது இறங்குவது தெரியாது. அதனால் அப்படியே விடுகிறேன். நிராகரித்தால் அப்பீல் போவதா வேண்டாமா என்று அப்போது வந்து கேட்கிறேன்.