‘பத்துப் பேரும் வர வேண்டாம்’ என்றால் எத்தனை பேர் வர வேண்டும்?

துவாஸ்_சிக்னல்

வணக்கம். சிங்கப்பூர் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில், கிரேனில் சுமை தூக்கும் வேலையைக் கவனிக்கும் லிஃப்டிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். சுமையைக் கட்டும் ரிக்கர், கிரேன் ஓட்டுபவருக்குச் சைகை காட்டும் சிக்னல்மேன் எல்லாம் சேர்த்து என் டீமில் பத்துப் பேர். புதுக்கோட்டை, சிவகங்கை, பட்டுக்கோட்டைப் பையன்கள்.

சனிக்கிழமை ராத்திரி எஞ்சினியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டார்: “நாளை பத்துப் பேரும் வர வேண்டாம்.” அவரும் தமிழர்தான், கோயம்புத்தூர்க்காரர். அரை நாள் வேலை, நாலு பேர் போதும் என்பது அவர் மனதில் இருந்த கணக்கு. பையன்கள் யாருக்குமே வேலை இல்லை என்று எடுத்துக்கொண்டு, பாதிப் பேர் காலையிலேயே ஊருக்குப் பணம் அனுப்ப லிட்டில் இந்தியா பக்கம், தேக்காவுக்குக் கிளம்பிவிட்டார்கள். மணிக்கணக்கில் வாடகை ஓடும் கிரேன் சும்மா நின்றது. திங்கட்கிழமை ஒரே வாக்குவாதம். “நான் எழுதியது சரி” என்கிறார் இவர். “நாங்கள் புரிந்துகொண்டதும் சரி” என்கிறார்கள் அவர்கள். யார் பக்கம் நியாயம்?

இன்னொன்றும் இருக்கிறது. போன மாதம் ஒரு நியர் மிஸ், அதாவது நூலிழையில் தப்பிய விபத்து. ஹார்னஸ் என்பது உயரத்தில் நிற்பவர் விழாமல் இருக்கக் கட்டும் பாதுகாப்புப் பட்டை. எங்கள் சிக்னல்மேன் கைப்பட எழுதிக் கொடுத்த வரி: “ஹார்னஸ் போடாமல் மேலே நின்ற ரிக்கரை சூப்பர்வைசர் கூப்பிட்டார்.” அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர் அழகுக்காக ஒரு கமாவைச் சேர்த்துவிட்டார்: “ஹார்னஸ் போடாமல், மேலே நின்ற ரிக்கரை சூப்பர்வைசர் கூப்பிட்டார்.” இப்போது ஹார்னஸ் போடாத ஆள் நான்! நான் நின்றது தரையில், கையில் வாக்கிடாக்கியோடு. தரையில் நிற்கிறவனுக்கு எதற்கு ஹார்னஸ்? ஆனால் அதைப் படித்த மேலதிகாரி என்னைத்தான் கூப்பிட்டு விசாரித்தார்.

சிராங்கூன்வாசி

பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வருகிறது. ‘வேலை கொடு’ என்றால் பணி, ‘வேலைக் கொடு’ என்றால் முருகன் கை வேல். ‘மருந்துக்கடை’ கடை, ‘மருந்து கடை’ என்றால் மருந்தைக் கடைவது. ஒரு ‘க்’ போதும், எல்லாம் மாறிவிடும்.

துவாஸ்_சிக்னல்

அதெல்லாம் தெரியும் சார். ஆனால் சைட்டில் வந்து யாரும் வேல் கேட்பதில்லையே! தைப்பூசத்தன்று டேங்க் ரோடு முருகன் கோயிலில் வேண்டுமானால் குழப்பம் வரலாம். ஒற்று விட்டுப்போனால் படிக்க அசிங்கமாக இருக்கும், ஆனால் இடத்தைப் பார்த்து ஆட்கள் சரியாகவே புரிந்துகொள்கிறார்கள். எனக்குக் கிரேன் வாடகை வைத்தது இந்த ‘உம்’தான்.

ஓய்வுபெற்ற_தமிழாசிரியை

தம்பி, எஞ்சினியர் சொல்வதற்கும் இலக்கணத்தில் இடம் இருக்கிறது. ‘உம்’ எட்டுப் பொருளில் வரும் என்று தொல்காப்பியமும் நன்னூலும் சொல்கின்றன. அதில் ஒன்று முற்றும்மை. ‘பத்துப் பேரும் வந்தார்கள்’ என்றால் ஒருவர் பாக்கியில்லை. அதே முற்றும்மை எதிர்மறையோடு வரும்போதுதான் வம்பு. ‘முற்றும்மை ஒரோவழி எச்சமும் ஆகும்’ என்பது நன்னூல். பழைய உரையில் இதற்குக் காட்டும் உதாரணமே ‘பத்தும் கொடால்’ என்பதுதான். பத்தையும் கொடுத்துவிடாதே, சிலவற்றைக் கொடு என்று பொருள். உங்கள் ஆள்கணக்கும் பத்தாக வாய்த்திருக்கிறது!

ஆனால் ‘ஒரோவழி’ என்பதைக் கவனியுங்கள். சில இடங்களில் மட்டும்தான் அப்படி. ஆகவே பையன்கள் புரிந்துகொண்டதைத் தப்பென்று சொல்ல முடியாது. நேரில் பேசினால் ‘பத்துப் பேரும்’ என்பதை இழுத்து அழுத்துவோம், காதுக்குத் தெரிந்துவிடும். எழுத்தில் அந்த அழுத்தம் வராது. தேர்வுத்தாளில் வந்தால் இரண்டு விடைக்கும் மதிப்பெண் போடுவேன். ஒரு நாள் சம்பளத்தைப் பிடிக்கிற பேச்சு வந்தால் நான் பையன்கள் பக்கம்.

நாலுமொழிக்காரி

மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். பழி முழுவதையும் ‘உம்’ தலையில் போடாதீர்கள். ‘வர வேண்டாம்’ என்பதே இரட்டை வேடம். வரத் தேவையில்லை என்பதும் அதுதான், வராதே என்பதும் அதுதான். ‘வர வேண்டியதில்லை’, ‘வரக் கூடாது’ என்று பிரித்து எழுதினால் பாதி வழக்கு அங்கேயே தீரும்.

கமா விஷயத்துக்கு வருகிறேன். ‘போடாமல்’ போன்ற வினையெச்சம் தனக்கு ஒரு வினையைத் தேடிக்கொண்டே போகும். கமா இல்லாவிட்டால் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கிற ‘நின்ற’ என்பதோடு ஒட்டிக்கொள்ளும், அதாவது ரிக்கர். கமா போட்டதும் அதைத் தாண்டி கடைசியில் இருக்கிற ‘கூப்பிட்டார்’ வரை போய்விடுகிறது, அதாவது நீங்கள். ‘ரிக்கரை’ என்பதற்குப் பிறகு கமா வைத்திருந்தால் நீங்கள் தப்பித்திருப்பீர்கள்.

ஆனால் நான் கமாவை நம்ப மாட்டேன். ஓலைச்சுவடியில் கமா ஏது? அச்சோடு வந்த பழக்கம் அது. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் போன்றவர்கள் உரைநடையில் ஊன்ற வைத்தார்கள். தட்டச்சில் ஒரு விரல் நழுவினால் போய்விடும். இப்படி உடைத்து எழுதுங்கள்: “ரிக்கர் மேலே நின்றார். அவர் ஹார்னஸ் போடவில்லை. தரையில் இருந்த சூப்பர்வைசர் அவரைக் கூப்பிட்டார்.” கமாவே வேண்டாம்.

துவாஸ்_சிக்னல்

டீச்சர், அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. நன்னூல் வரியைக் காட்டினேன், எஞ்சினியர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. ‘ஒரோவழி’யை விளக்கியதும் அடங்கிவிட்டார். அறிக்கையையும் அக்கா சொன்னபடி உடைத்துக் கொடுத்துவிட்டேன், வாங்கிக்கொண்டார்கள்.

‘உம்’மை எடுத்துவிட்டால் சரியாகுமா என்றும் பார்த்தேன். ‘பத்துப் பேர் வர வேண்டாம்.’ பக்கத்து டீமில் பதினான்கு பேர், அங்கே நாலு பேர் சரியாக வருவார்கள். எங்களிடம் அப்போதும் ஒருவரும் வர மாட்டார்கள்! அதனால் இந்த வாரம் செய்தியைத் திருப்பிப் போட்டோம்: “ஞாயிறு நாலு பேர் வந்தால் போதும்.”

பட்டுக்கோட்டை_ரிக்கர்

அண்ணே, அந்த நாலு பேர் யார் யார் என்று பெயரைப் போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்தவன் போவான் என்று அவனவன் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவான்.