மதுரையில் ஒரு பகல்: பூச்சந்தை, ஜிகர்தண்டா, கறி தோசை. எந்த வரிசையில் போவது?

நொய்யல்காரன்:
தை மாசம் ஒரு சனிக்கிழமை அப்பா அம்மாவோட கோவையிலிருந்து மதுரை வர்றோமுங்க. காலை 5 மணிக்கு மாட்டுத்தாவணியில இறங்கி, ராத்திரி 10 மணிக்குத் திரும்பணும். பூச்சந்தை, கோயில், ஜிகர்தண்டா, பருத்திப்பால், கறி தோசை எல்லாம் ஒரே நாள்ல ஆகுமா? ஞாயித்துக்கிழமை காலையில வீட்டு விசேஷம், அதுக்கு அரைக் கிலோ மல்லி வாடாம கொண்டு போகணும். அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மா சைவம். எதை முதல்ல பார்க்கணும், எதை விட்டுடலாம்னு சொல்லுங்க.

மாசிவீதி:
முதல்ல டிக்கெட்டை எடுத்துப் பாருங்க. கோவை அரசு பஸ் ஆரப்பாளையத்துலதான் நிக்கும், திரும்பப் போறதும் அங்கிருந்துதான். ஆம்னி பஸ்னாதான் மாட்டுத்தாவணிப் பக்கம். ரெண்டும் ஊரோட ரெண்டு கோடி. ராத்திரி தப்பான ஸ்டாண்டுல போய் நின்னா பஸ் போயிடும்.

ஒரே நாள்ல ஆகும், ஆனா வரிசை மாறக் கூடாது. பூச்சந்தை காலையில, கோயில் அதுக்கு அடுத்து, ஜிகர்தண்டா மதியம், கறி தோசை ராத்திரி. கோயில் நடை மதியம் பன்னிரண்டரை வாக்குல சாத்தினா நாலு மணிக்குத்தான் திறப்பாங்க, அதனால ஒன்பதுக்குள்ள வரிசையில நின்னுடுங்க. செல்போன் உள்ளே விடமாட்டாங்க, வாசல்லயே கொடுத்து டோக்கன் வாங்கணும். எந்தக் கோபுர வாசல்ல கொடுத்தீங்களோ அங்கேதான் திருப்பி வாங்க முடியும். கிழக்கே கொடுத்துட்டு மேற்கே வெளியே வந்தா, வெயில்ல சித்திரை வீதியைப் பாதி சுத்தணும். வயசானவங்களை நடக்க விடாதீங்க.

புதுமண்டபத்துல தையல்கடை, பாத்திரக்கடை பார்க்கலாம்னு பழைய பதிவுகளை நம்பி வராதீங்க. அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்தியாச்சு.

உதிரிப்பூ:
மல்லிக்கு வர்றேன். நீங்க வர்ற நேரம்தான் மல்லிக்கு ஆகாத நேரம். மார்கழி, தையில பனியால மொட்டு கம்மி. தேவை அப்படியே இருக்கும், வரத்து விழும், கிலோ 2,000 ரூபாயைத் தாண்டுறது சாதாரணம். சித்திரை, வைகாசியில அதே பூ சில நூறுக்கு இறங்கும். ஞாயிறு முகூர்த்த நாளா இருந்தா சனிக்கிழமை காலை விலை இன்னும் ஏறும். காலண்டரைப் பார்த்துட்டு வாங்க.

5 மணிக்குச் சந்தைக்குள்ள போனதும் வாங்கிடாதீங்க. அன்னிக்குப் பறிச்ச மொட்டு விடிஞ்ச பிறகுதான் நிறைய வந்து இறங்கும். ஒரு சுத்து சுத்தி மூணு நாலு கமிஷன் கடையில விலை கேளுங்க, ஆறரை, ஏழுக்கு மேல முடிவு பண்ணுங்க. கமிஷன் கடையில கிலோ கணக்குதான். அரைக் கிலோ, கால் கிலோவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிற சில்லறைக்காரங்க.

மொட்டு இறுக்கமா, காம்புப் பக்கம் லேசாப் பச்சை ஓடி, நல்லாக் காய்ஞ்சு இருக்கணும். கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பாருங்க. ஈரம் தட்டினா தண்ணி தெளிச்சிருக்காங்க: எடையும் கூடும், சாயங்காலத்துக்குள்ள பூவும் பழுப்பாகும்.

முக்கியமான சிக்கல்: சனிக்கிழமை காலை மொட்டு அன்னிக்கு ராத்திரியே மலர்ந்துடும். மலர்ந்த பூவைக் கட்டினா இதழ் உதிரும். அதனால அங்கேயே கூலி கொடுத்துச் சரமாக் கட்டி வாங்கிடுங்க. தெர்மாகோல் பெட்டியில அடியில பாலித்தீன் பையில ஐஸ், மேல நாலு மடிப்பு நியூஸ் பேப்பர், அதுமேல வாழை இலையில சுத்தின சரம். ஐஸ் பூவைத் தொட்டா தொட்ட இடம் கருகும். மதியம் ஒரு தடவை உருகின தண்ணியை வடிச்சு ஐஸ் மாத்துங்க. வீட்டுக்குப் போனதும் ஃபிரிட்ஜ் கீழ்த்தட்டு போதும், ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம்.

தண்ணிப்பந்தல்:
குறுக்கே பேசறேன்னு நினைக்காதீங்க. அரைக் கிலோ பூவுக்காக நாள் முழுக்கப் பெட்டியைத் தூக்கிட்டு அலையணுமா? ஞாயித்துக்கிழமை விடியக்காலை கோவை பூ மார்க்கெட்டுல சத்தியமங்கலம் மல்லி கிடைக்குமே.

உதிரிப்பூ:
கிடைக்கும், நல்ல பூதான். மதுரை மல்லிக்கு இதழ் தடிப்பு, வாசமும் கூட நேரம் நிக்கும். 2013-ல புவிசார் குறியீடு கொடுத்ததுக்கும் அந்தக் குணம்தான் காரணம். ஆனா பெட்டியை ஒழுங்கா வைக்க வழி இல்லேன்னா தண்ணிப்பந்தல் சொல்றதே சரி. வெந்து போன மதுரை மல்லியைவிடப் புதுச் சத்தி மல்லி எவ்வளவோ மேல்.

மாசிவீதி:
சாப்பாட்டுக்கு வருவோம். ஜிகர்தண்டா விளக்குத்தூண் பக்கம். கடை பேரைவிடக் கிளாஸைப் பாருங்க. அதுல போடுற பாதாம் பிசின் ஒழுங்கில்லாத கட்டியா, கண்ணாடி மாதிரி, நாக்குல வழுக்கும். கத்தியால சதுரமா வெட்டின மாதிரி துண்டு இருந்தா அது கடல்பாசி. பிசினை ஏழெட்டு மணி நேரம் ஊறவைக்கணும். அவசரத்துல எடுத்தா நடுவுல பல்லுல கடிபடும். பாலைச் சிறு தீயில பாதிக்கும் கீழே சுண்டக் காய்ச்சினா தானா இளம் பழுப்பு வரும். சேர்க்கிற நன்னாரிப் பாகும் பழுப்புதான். ரோஸ் நிறத்துல இருந்தா அது எசென்ஸ். ஐஸ்கட்டி போட்டுக் கொடுத்தா பால் முன்னாடியே குளிரலைன்னு அர்த்தம், கடைசி வாய்ல வெறும் தண்ணி.

பருத்திப்பால் சூடாக் குடிக்கணும். பருத்திக்கொட்டையை ராத்திரி ஊறப்போட்டு, ஆட்டிப் பால் எடுத்து, அரிசி மாவும் கருப்பட்டிப் பாகும் சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சினது. பச்சை வாடை அடிச்சா கொதி பத்தலை, அடியில மண் கரகரத்தா பாகை வடிகட்டலை. தள்ளுவண்டிக்காரர்கிட்ட ஒரு டம்ளர் வாங்கி மூணு பேரும் ருசி பாருங்க, முதல்லயே மூணு சொல்லாதீங்க.

கறி தோசை ராத்திரி ஏழுக்கு மேல. தடியான தோசை, மேல முட்டை, அதுக்கும் மேல மட்டன் கறி, திருப்பிப் போட்டு வேகும். கல்லுல இடம் பிடிச்சு வேகறதுக்கே நேரமாகும், எட்டுக்குள்ள உட்கார்ந்தாதான் பத்து மணி பஸ்.

நொய்யல்காரன்:
ரொம்ப நன்றிங்க. டிக்கெட் பார்த்தேன், ஆரப்பாளையம்தான்! அப்பா பருத்திப்பால் கருப்பட்டிதானே, குடிக்கலாம்ங்கிறார். அம்மாவுக்கு ராத்திரி என்ன?

தண்ணிப்பந்தல்:
கருப்பட்டியும் சர்க்கரைதாங்க, ரத்தத்துல ஏறத்தான் செய்யும். ரெண்டு வாய் போதும். ஜிகர்தண்டாவுல நன்னாரிப் பாகு, பாலோட சீனின்னு எல்லாமே இனிப்பு, அதைக் கைவிடச் சொல்லுங்க.

அம்மாவுக்குச் சாயங்காலம் தெற்கு மாசி வீதிப் பக்கம் முள்ளுமுருங்கை அடை. பச்சரிசியோட இலையை அரைச்சுத் தட்டி, எண்ணெயில பொரிச்சு, மேல பொடி தூவுவாங்க. சூடா சாப்பிடணும், ஆறினா தோல் மாதிரி இழுக்கும். ராத்திரிக்கு இட்லி. கறி தோசைக் கடையில அம்மாவை உட்கார வைக்காதீங்க, அதே கல்லு, அதே கரண்டி. அவங்களை முதல்ல சைவக் கடையில சாப்பிட வச்சுட்டு நீங்க போங்க. ஆட்டோவுக்கு ஏறும்போதே ஆரப்பாளையம்னு சொல்லிடுங்க. வெறும் பஸ் ஸ்டாண்டுன்னா பெரியார் பஸ் ஸ்டாண்டுல கொண்டு போய் விட்டுடுவாங்க.